நிறைவுக்கு எல்லை உண்டா: யாரோமிர் யாகரின் ஆட்ட வாழ்வை முன்வைத்து

ஒரு திறனில் உச்சத்தைத் தொட்டுவிட்டவர், ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துகொண்டே அதே திறனைத் தொடர்வது தகுமா என்னும் வினா, நிறைவு எனப்படுவது யாது என்னும் பழைய அறவியல் வினாவின் ஒரு கிளையாகும். உச்சத்தில் இருக்கும்போதே விலகிவிடுவதுதான் மாண்பு என்பது விளையாட்டுலகில் கேள்விக்கு இடமின்றி வழங்கிவரும் கருத்து. பதினாறு வயதில் தம் ஊர்க் குழுவின் முதன்மை அணியில் இடம்பெற்று, ஐம்பது வயதைக் கடந்த பின்பும் அதே அணிக்காகப் பனித்தளத்தில் இறங்கிய செக் நாட்டு ஐஸ் ஹாக்கி முன்னாட்டக்காரர் யாரோமிர் யாகரின் வாழ்வு, இக்கருத்தை மறுபடியும் எடுத்துப் பார்க்கத் தூண்டுகிறது.

யாகர் 1972 பெப்ரவரி 15 அன்று, பிராகாவுக்கு மேற்கே நிலக்கரியாலும் எஃகாலும் வளர்ந்த கிளாட்னோ நகரில் பிறந்தார். பொதுவுடைமை ஆட்சியில் பண்ணை நிலத்தை இழந்து சிறைப்பட்ட அவருடைய தாத்தா இறந்ததும், வார்சா ஒப்பந்த நாடுகளின் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்ததும் ஒரே ஆண்டில், 1968இல், நிகழ்ந்தன. யாகர் தம் சட்டையில் 68 என்னும் எண்ணை அணிந்தது இவற்றின் நினைவாகத்தான். 1989 நவம்பரில் அந்த ஆட்சி வீழ்ந்ததால், முந்தைய தலைமுறை வீரர்களைப்போல நாட்டைவிட்டுத் தப்பியோட வேண்டிய தேவையின்றி, 1990இல் வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீக்கின் வீரர் தேர்வில் ஐந்தாவதாக அவர் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1991, 1992 ஆகிய ஆண்டுகளில் அக்குழு ஸ்டான்லி கோப்பையை வென்றது; 1998இல் நாகானோ ஒலிம்பிக்கில் செக் அணி தங்கம் வென்றபோதும் அவர் அதில் இருந்தார். கோலையும், கோலுக்கு நேரடியாக வழிசெய்த கடத்தலையும் தலா ஒரு புள்ளியாகக் கணக்கிடும் அந்த லீக்கில், ஒரு பருவத்தின் மிகுதியான புள்ளிகளுக்குரிய ஆர்ட் ராஸ் விருதை அவர் ஐந்து முறை பெற்றார். முப்பது வயதை எட்டுமுன்பே, பிறர் ஓய்வுக்குப்பின் எண்ணிப் பார்த்து மகிழ்வதற்குரிய அனைத்தும் அவர் கைக்கு வந்துவிட்டன.

அந்த வயதை ஒட்டித்தான் அவர் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில், அதாவது கீழை மரபுவழிக் கிறித்தவத்தில், சேர்ந்தார். ஐரோப்பாவிலேயே சமயப் பற்று மிகக் குறைந்த நாடுகளுள் ஒன்றான செக் நாட்டில் அத்திருச்சபை மிகச் சிறிய கூட்டம். நாசி ஆட்சியின் பொறுப்பாளர் ஹைட்ரிக்கைத் தாக்கிக் கொன்ற வீரர்கள் பிராகாவிலுள்ள அதன் பேராலயத்தில் ஒளிந்திருந்தமைக்காக, 1942இல் அதன் ஆயர் கொராஸ்த் சுட்டுக் கொல்லப்பட்டார். அத்தகைய திருச்சபையில் சேர்வதைப் பிறப்பாலோ ஊர் வழக்கத்தாலோ வந்த சமயமாகக் கொள்ள முடியாது. தெரிந்தே எடுத்த முடிவாகவே அதனைக் கொள்ள வேண்டும்.

அம்மரபு தன் தந்தையராகப் போற்றும் இறையியலாளர்களுள் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த நிசா நகர் கிரகோரி, நிறைவு பற்றிய வினாவை நேரடியாகவே எடுத்துக்கொண்டவர். மோசேயின் வாழ்வு பற்றிய தம் நூலை, குதிரைப் பந்தயத்தில் தாம் விரும்பும் ஓட்டியை ஆரவாரித்து ஊக்கும் பார்வையாளர்களைக் காட்டி அவர் தொடங்குகிறார் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. விளையாட்டரங்கை இறையியலுக்குப் புறம்பானதாக அவர் கருதவில்லை. அவருடைய வாதம் சுருக்கமாக இதுதான்: புலன்களால் அளக்கத்தக்க பொருள் எதற்கும் நிறைவு என்பது ஓர் எல்லைக்குள் அடங்கியது, நற்பண்புக்கோ எல்லையே கிடையாது, ஆதலால் நற்பண்பில் நிறைவு என்பது எட்டி நின்றுவிடும் இடமாகாமல், மேன்மேலும் செல்வதாகவே அமைகிறது. இவ்வோயாத முன்னேற்றத்தைப் பின்வந்த ஆய்வாளர்கள் 'எபெக்டாசிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லால் குறிக்கின்றனர். முன்னுள்ளதை நோக்கி உடலையும் உள்ளத்தையும் நீட்டுதல் என்பது அதன் கருத்து.

யாகரின் பிற்கால வாழ்வை உடனே இக்கோட்பாட்டின் எடுத்துக்காட்டாக ஆக்கிவிடுவது எளிது. ஆனால் அது பிழையாகும். ஹாக்கித் திறன், கிரகோரியின் பகுப்பின்படி, அளக்கத்தக்க பொருள்களின் பக்கத்தில் நிற்பது. வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீக்கில் யாகர் ஆடிய ஆட்டங்கள் 1733, கோல்கள் 766, புள்ளிகள் 1921. கூட்டுப் புள்ளிகளில் அவருக்கு மேலே இருப்பவர் வெய்ன் கிரெட்ஸ்கி ஒருவரே. 2008 முதல் 2011 வரை இரசியாவின் ஓம்ஸ்க் நகர அணியில் கழித்த மூன்று பருவங்களை அமெரிக்காவிலேயே கழித்திருந்தால் இத்தொகை எவ்வளவு உயர்ந்திருக்கும் என்று கணக்குப் போடுவோர் இன்றும் உளர். அக்கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், அளவுடைய ஒன்றை இன்னும் சற்றுப் பெரிய அளவுடைய ஒன்றாக்குவதற்கு மேல் அதனால் ஆவது ஒன்றுமில்லை. 2011இல் அமெரிக்கா திரும்பியபின் ஆறு குழுக்கள் மாறிய அவர், கடைசியாகக் கல்கரி அணியில் 22 ஆட்டங்களில் ஒரே ஒரு கோலை மட்டும் அடித்து, 2018 தொடக்கத்தில், அப்போது செக் நாட்டின் இரண்டாம் நிலை லீக்கில் இருந்த கிளாட்னோவுக்கு வந்து சேர்ந்தார். திறனைப் பொறுத்தவரை எல்லை வந்துவிட்டது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

அவ்வாறாயின் எல்லையற்றதாக எஞ்சுவது எது? அதனைக் காண அவர் ஆடிய முறையைச் சற்று அணுகிப் பார்க்க வேண்டும். 'பக்' எனப்படும் கெட்டி ரப்பர் வட்டைக் கோலின் பின்புறத்து விளிம்புப் பலகையருகே எதிராளியிடமிருந்து காப்பதே யாகரின் தனி முத்திரை: தடுப்பாளருக்கு முதுகைக் காட்டி, இடுப்பைத் தாழ்த்தி, தொடைகளை அகல ஊன்றி, நீண்ட கைகளால் மட்டையை உடலுக்கு அப்பால் நீட்டி, இருவர் ஒருசேர மோதினாலும் வட்டை விடாமல், கூட்டாளி ஒருவர் கோலுக்கு முன்னே வெற்றிடத்தைக் கண்டுபிடிக்கும் வரை அவர் காத்திருப்பார். வேகம் குறைந்த பின்பும் இக்காத்திருப்பு குறையவில்லை. அதற்கு அடிப்படையான கால் வலிமை, சிறுவயதிலேயே நாளொன்றுக்கு ஆயிரம் வரை குந்தி எழுந்ததிலிருந்து வந்தது. நாற்பது வயதைத் தாண்டிய பின்பும், ஆட்டம் முடிந்த இரவுகளில் எடை ஏற்றிய உடுப்புடன் ஆளற்ற தளத்தில் தனியே சறுக்கும் வழக்கமாக அது தொடர்ந்தது. கீழைத் திருச்சபையில், உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய பெருந்தவக் காலத்தில், நம்புவோர் மண்டியிட்டு நெற்றி தரையில் படும்படி திரும்பத் திரும்ப விழுந்து எழுந்து எஃப்ரேம் முனிவரின் மன்றாட்டைச் சொல்வர். உடலை விட்டுவிட்டு உள்ளம் மட்டும் திருந்தும் என அம்மரபு நம்புவதில்லை. இவ்விரண்டும் ஒன்றே என்று சொல்வது மிகையாகும். எனினும், உடலைத் திரும்பத் திரும்ப ஒரே செயலில் பழக்குவது அச்செயலின் பயனைத் தாண்டியும் ஒருவரை உருவாக்குகிறது என்னும் எண்ணம் இரண்டுக்கும் பொதுவானது.

இவ்விடத்தில் தமிழ் வாசகர், பலன் கருதாச் செயல் என்று இதற்குப் பெயரிட்டு நிறைவுகொள்ளக் கூடும். அது பொருந்தாது. கோலைக் கருதாமல் ஆடுபவர் ஹாக்கியே ஆடவில்லை; கோலை விரும்புவது அவ்வாட்டத்தின் விதிகளோடு பின்னிக் கிடக்கிறது. 47 வயதில், 2019 வசந்தத்தில், கிளாட்னோவை முதல்நிலை லீக்குக்கு உயர்த்தும் போட்டிகளில் ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் அடித்தவரைப் பற்றற்றவர் என்பது சொல்லுக்கு அழகு சேர்க்கலாமேயன்றி உண்மையாகாது.

யாகரின் வாழ்வில் எல்லை என்பது வேறொரு முகத்துடனும் வந்தது. 2008 அக்டோபர் 13 அன்று, மாஸ்கோவுக்கு அருகிலுள்ள செகோவ் நகரில் நடந்த ஆட்டத்தில், ஓம்ஸ்க் அணியின் பத்தொன்பது வயது வீரர் அலெக்சேய் செரெபானவ், யாகருடன் பனித்தளத்தில் ஆடிவிட்டு மாற்று இருக்கைக்குத் திரும்பிச் சிறிது நேரத்தில் சரிந்து விழுந்து இறந்தார். மூன்றாண்டு கழித்து, 2011 செப்டம்பரில், இரசியாவின் யாரோஸ்லாவ்ல் நகர ஹாக்கி அணி சென்ற விமானம் விழுந்து நொறுங்கியதில், செக் தேசிய அணியில் யாகருடன் ஆடிய மூவரும் மாண்டனர். உச்சத்தில் விலகுவதே மாண்பு என்னும் கருத்து, உச்சம் வரும், விலகும் காலத்தை நாமே குறிக்கலாம் என்னும் துணிபின்மேல் நிற்கிறது. அத்துணிபு எவ்வளவு மெலிந்தது என்பதை மாற்று இருக்கையில் அமர்ந்தே கண்டவரிடம், எப்போது ஓய்வு என்று கேட்பதற்கு முன் சற்றுத் தயங்க வேண்டியிருக்கிறது.

எதிர்வாதம் ஒன்றைத் தள்ளிவிட முடியாது. முதியவர் ஒருவர் அணியில் நீடித்தால் இளைஞர் ஒருவருக்கு இடமில்லாமல் போகிறது. விடமுடியாமையைக் கடமை என்று அழைப்பது ஆன்மிக நூல்கள் எச்சரிக்கும் தன்னேமாற்றாகும். ஆனால் கிளாட்னோவில் நிலைமை சற்றுச் சிக்கலாக இருந்தது. 2011இல் அக்குழுவின் பெரும்பங்கு உரிமையாளரானவர் யாகரே. அவர் ஆடியபோது அரங்கு நிறைந்தது, விளம்பரதாரர்கள் வந்தனர், அவ்வரவால் இளைஞர்களுக்கும் ஊதியம் கிடைத்தது. ஆகவே அவர் ஒருவருடைய இடத்தை எடுத்துக்கொண்டார் என்பதும், பலருடைய இடத்தைக் காத்தார் என்பதும் ஒருங்கே உண்மை. இதில் தன்விருப்பம் எவ்வளவு, பொறுப்பு எவ்வளவு என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியுமா என்பது ஐயமே.

கிரகோரியின் கோட்பாடு அவருக்குப் பொருந்துமிடம் ஒன்று உண்டென்றால் அது இங்கேதான். கிளாட்னோ 2020இல் மீண்டும் இரண்டாம் நிலைக்கு இறங்கியபோது, உலகின் தலைசிறந்த லீக்கில் ஐந்து முறை புள்ளிப் பட்டியலின் தலையில் நின்றவர், 48 வயதில் சிறு நகரங்களின் அரங்குகளுக்குத் தம்மைவிட முப்பது வயது இளையவர்களோடு சென்று ஆடினார். அடுத்த ஆண்டு அணி மறுபடி மேலேறியது. அங்கே வளர்வதற்கு எஞ்சியிருந்தது ஆட்டத்திறன் அல்ல. குறைந்தவராக ஆடச் சம்மதிக்கும் மனம். அம்மனம் 22 வயதில் அவருக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தாலும், அதைப் பயில அவருக்கு அப்போது வாய்ப்பே இருந்திருக்காது.