மரபிழந்த துயரும் கொலைத்தொழிலும்

தன் முன்னோர் வாழ்ந்த வீடும் வீதியும் பிறநாட்டு வாணிகத்தின் வேகத்தால் அழிதல் கண்டு ஒருவன் வருந்துவானாயின், அவ்வருத்தம் குற்றமாகாது. ஆயினும் அதுவே பயங்கரவாதத்தின் வித்து என்பாரும் உளர். உலகமயமாதல் சமுதாயங்களின் தனித்தன்மையைச் சிதைக்கின்றது, சிதைவுற்றோர் சினந்து கொலைத்தொழிலில் இறங்குகின்றனர் என்பது அவர் வாதம். கேட்ட மாத்திரத்தில் இசைவது போலத் தோன்றும் இதனை ஒரு மாணாக்கனின் வரலாறு கொண்டு ஆராய்வாம்.

எகிப்து நாட்டினனாகிய முகம்மது அத்தா என்பான் கெய்ரோவிற் கட்டடக்கலை கற்று, 1992 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரடைந்து நகரமைப்புப் பயின்றான். சிரியாவிலுள்ள அலெப்போ என்னும் பழம்பதியின் ஒரு பகுதியே அவன் ஆய்வுப்பொருள். பழந்தெருக்களை ஊடறுத்த அகன்ற சாலைகளையும் புதிதாய் எழுந்த உயர்மாடங்களையும் அவன் வெறுத்தான். 1999 இல் அவ்வாய்வு ஏற்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே ஆப்கானித்தானஞ் சென்று அல்கைதாவினரோடு கூடினான். 2001 செப்டெம்பர் 11 ஆந் திகதி, 19 பேருக்குத் தலைவனாய் நின்று, முதல் விமானத்தை நியூயோர்க்கின் கோபுரமொன்றில் மோதுவித்தான். அன்று அந்நாட்டில் மாண்டவர் ஏறத்தாழ 3000 பேர்.

இத்துயரை அவனுக்கு முன்னரே நன்கறிந்தவர் அந்நாட்டுக் கட்டடக்கலைஞர் ஹஸன் ஃபத்ஹி. சீமெந்தும் இரும்பும் தம் நாட்டு மண்வீட்டை விழுங்குதல் கண்ட அவர், 1945 இல் லக்சர் நகரருகே நூபியக் கொத்தரைக் கொண்டு பச்சைச் செங்கல்லாலே ஓர் ஊரெடுக்கத் தொடங்கினார். பழங்கல்லறைகளின்மேற் குடியிருந்து அவற்றின் பொருளை விற்று வாழ்ந்த மக்களோ அங்குக் குடியேற மறுத்தனர். ஊர் முற்றுப்பெறவில்லை. அவர் செய்தது மீண்டும் கட்டுதலும் எழுதுதலுமே.

ஒரு துயர், இரு வழி. ஆதலின் துயரைக் காரணமென்றல் அமையாது. வேறுபாடு யாண்டுளது? ஃபத்ஹியின் அன்பு கொத்தனையும் களிமண்ணையும் விட்டு நீங்கிற்றில்லை. அத்தா சேர்ந்த இயக்கத்தாரோ, அமெரிக்கரையும் அவர் துணைவரையும் படைஞர் குடிகள் என்னும் வேறுபாடின்றிக் கொல்லுதல் கடமையென 1998 இல் அறிவித்தவர். அவ்வறிவிப்பிலே அலெப்போவின் ஒரு தெருவேனும் இல்லை. ஆசிரியர்களே, பண்பாட்டைக் காப்பேன் என்று கொதிக்கும் மாணாக்கனிடம், எந்த வீட்டை, எவருக்காக என்று வினவிப் பாருங்கள். விடை கூற அறியாதவனே கவலைக்குரியவன்.

உலகமயமாதலுக்கு இதிற் பங்கில்லை என்றும் கூறோம். அது மரபை அழித்தலினும் மரபை மண்ணினின்று பெயர்த்தலே பெரிது. அத்தாவின் சமயப்பற்று முறுகியது ஹம்பேர்க்கில்; அந்நிய நகரில், தன்போற் பெயர்ந்து வந்த இளைஞர் குழுவொன்றில். பாட்டியும் அயலானும் திருவிழாவும் இல்லாத அவ்விடத்தில், பண்பாடு ஒரு கொள்கையாய்ச் சுருங்கிற்று. அக்கொள்கைக்காரர் பணத்தை வங்கிவழி பெற்று, புளோரிடாவில் விமானமோட்டக் கற்றனர் என்பது நகைப்புக்கிடமான முரண்.

இனி, அலெப்போதான் தூயதோ? பட்டுவணிகத்தால் வளர்ந்த அந்நகரில் வெனிஸ் நகரத்தாரும் ஆங்கிலேயரும் பண்டசாலை வைத்திருந்தனர். முஸ்லிம்களும் ஆர்மேனியரும் யூதரும் அயலவராய் வாழ்ந்தனர். கலப்பே அதன் தொன்மை. 2012 இல் உள்நாட்டுப் போர் அதனுட் புகுந்தது. அகன்ற சாலைகள் விட்டுவைத்த பழஞ்சந்தையின் பெரும்பகுதி அவ்வாண்டு செப்டெம்பரில் எரிந்தது.