நோயாளியின் பேச்சுக்குச் செவி கொடுப்போம்

 



நோயாளியைப் போய் நலம் விசாரிப்பதன் சிறப்பைப் பலமுறை கேட்டிருக்கிறோம். இன்று, நோயாளியோடு அதே வீட்டில் இருப்பவர்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. குறிப்பாக, புற்றுநோய் வந்த வீடு. ராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள நம் மஹல்லாக்களில் அப்படி ஒரு வீட்டையாவது அறியாதவர் யார்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியவர். கன்னத்தின் உள்பக்கம் புற்று. வாசலிலேயே மூத்த மகன் என்னை நிறுத்தினார். "ஹஜ்ரத், அத்தாவுக்கு விஷயம் தெரியாது. வாய்ப்புண்ணுன்னுதான் சொல்லி வெச்சிருக்கோம். நீங்களும் எதுவும் சொல்லிடாதீங்க."

மகன் டீ வாங்கப் போன நேரம் பெரியவர் என் கையைப் பிடித்தார். "எனக்கு எல்லாம் தெரியும் ஹஜ்ரத். ஆஸ்பத்திரி போர்டைப் படிக்கத் தெரியாதவனா நான்? பசங்க உடைஞ்சிடுவாங்கன்னுதான் தெரியாத மாதிரி இருக்கேன்." பிறகு விஷயத்துக்கு வந்தார். காசிமேட்டில் ஒருவரிடம் முப்பதாயிரம் ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார். எழுத்து எதுவும் கிடையாது. மகனிடம் சொல்ல வாயெடுத்தால், "அதெல்லாம் இப்ப எதுக்கு அத்தா, நீங்க நல்லாயிடுவீங்க" என்று எழுந்து போய்விடுகிறாராம்.

இருவருக்கும் தெரியும். ஒருவருக்காக ஒருவர் நடித்துக்கொண்டிருந்தார்கள். அன்பினால்தான், மறுக்கவில்லை. ஆனால் கடன் மறுமையில் எவ்வளவு கனமானது என்று நமக்குத் தெரியும். அந்தச் சுமையோடு அவரைத் தனியே விட்டதும் அந்த அன்புதான்.

இப்போது நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஹிஜ்ரி 10, விடைபெறும் ஹஜ். மக்காவில் ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்குக் கடும் நோய். இனி பிழைக்க மாட்டோம் என்றே நினைத்தார்கள். நலம் விசாரிக்க வந்த நபியவர்களிடம் நேரடியாகவே கேட்டார்கள்: எனக்கு வாரிசு ஒரே மகள்தான், என் செல்வத்தில் மூன்றில் இரண்டு பங்கை தர்மம் செய்யட்டுமா? வேண்டாம் என்றார்கள் நபியவர்கள். பாதி? அதுவும் வேண்டாம். மூன்றில் ஒன்று? அதுவே அதிகம்தான் என்றார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான சம்பவம் இது.

கவனியுங்கள், "அப்படியெல்லாம் பேசாதீர், உமக்கு ஒன்றும் ஆகாது" என்று நபியவர்கள் அவரது வாயை மூடவில்லை. கேட்ட கேள்விக்குக் கணக்கோடு பதில் சொன்னார்கள். கூடவே அவரது ஷிஃபாவுக்காக துஆவும் செய்தார்கள், நீர் இன்னும் வாழக்கூடும் என்ற நம்பிக்கையும் கொடுத்தார்கள். அந்த ஸஅத் (ரலி) அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள், காதிஸிய்யா போரில் படை நடத்தினார்கள். மரணத்தைப் பற்றிப் பேசினால் மரணம் வந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இதை யோசிக்கட்டும்.

புற்றுநோய் என்றாலே மவுத் என்று நாம் முடிவு கட்டிவிடுவதும் மறைப்பதற்கு ஒரு காரணம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்த நோயில் தங்கையைப் பறிகொடுத்தவர். அன்று இருந்த மருத்துவம் அல்ல இன்று இருப்பது. சீக்கிரம் கண்டறிந்தால் குணமாகும் புற்றுகள் பல இருக்கின்றன.

இன்னொரு சம்பவம். நபியவர்களின் இறுதி நோயில் வீட்டார் அவர்களுடைய வாயின் ஓரத்தில் மருந்தை ஊற்றினார்கள். வேண்டாம் என்று நபியவர்கள் சைகை செய்தார்கள். நோயாளி என்றால் மருந்தை வெறுக்கத்தானே செய்வார் என்று எண்ணி வீட்டார் விடவில்லை. தெளிவு வந்ததும் நபியவர்கள் அதைக் கண்டித்து, அங்கில்லாத அப்பாஸ் (ரலி) அவர்களைத் தவிர வீட்டிலிருந்த எல்லோருக்கும் அதே மருந்தை ஊற்றச் சொன்னார்கள்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? கீமோ முடிந்து வந்தவர் கஞ்சி வேண்டாம் என்கிறார். "ரெண்டு வாய்தான்" என்று திணிக்கிறோம். ஏன் வேண்டாம் என்று கேட்கிறோமா? வாய் எரிகிறதா, குமட்டுகிறதா? இரண்டுக்குமே மருந்து உண்டு. டாக்டரிடம் சொன்னால்தானே கிடைக்கும்! அங்கேயும், "வலி பத்துக்கு எத்தனை?" என்று டாக்டர் கேட்டால், "பரவாயில்ல சார்" என்று மகன் பதில் சொல்கிறார். வலி மகனுக்கா?

வலியைச் சொன்னால் ஸப்ருடைய கூலி போய்விடும் என்று சில நோயாளிகள் பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள். அய்யூப் (அலை) தம் துன்பத்தை ரப்பிடம் முறையிட்டார்கள். அவர்களையே பொறுமையாளர் என்று குர்ஆன் புகழ்கிறது. ஆயிஷா (ரலி) தலைவலி என்றபோது, எனக்கும்தான் என்று நபியவர்களே சொல்லியிருக்கிறார்கள். கடும் வலிக்கு டாக்டர் தரும் மார்ஃபின் ஹராமா என்று பலர் என்னிடம் ரகசியமாகக் கேட்கிறார்கள். தேவைக்கு, மருத்துவர் சொன்ன அளவில் எடுப்பதை உலமாக்கள் அனுமதித்திருக்கிறார்கள். தயங்காதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சிகிச்சை தருகிறார்கள். பக்கத்து அரசு சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

பார்த்துக்கொள்பவரையும் மறந்துவிடக் கூடாது. விடியற்காலை திருவொற்றியூரில் மெட்ரோ ஏறி, சின்னமலையில் இறங்கி ஆட்டோ பிடித்து, நாள் முழுக்க வரிசையில் நின்று, இரவு வந்து சமைக்கும் மகள். அவளிடம் யாராவது "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டோமா? அவள் ஒருநாள் கோபத்தில் கத்தினால், சொர்க்கத்தை இழந்துவிட்டாய் என்று பயான் செய்யாதீர்கள். ஒரு நாள் அவளுக்குப் பதில் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாக்கு போட்டதால் வந்ததா, எண்ணூர் புகையால் வந்ததா என்ற பட்டிமன்றத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சம்பந்தி வீட்டில் ஒருவர் மூன்று மாதத்தில் போனதையும் அங்கே சொல்ல வேண்டாம்.

அதற்காக, எல்லாவற்றையும் பட்டென்று போட்டு உடைக்கச் சொல்லவில்லை. "அத்தா, டாக்டர் சொன்னதைச் சொல்லவா, இல்ல நாங்களே பார்த்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். அது அவர்களுடைய உரிமை. நாமே முடிவு செய்துவிடுவதுதான் தவறு.

அந்தப் பெரியவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, அன்று அஸருக்குப் பின் மகனிடம், "உங்க அத்தாவுக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னேன். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வாரமே இருவரும் ஆட்டோவில் காசிமேடு போய் கடனை அடைத்தார்கள். நான்கு மாதம் கழித்து பெரியவர் மவுத்தானார். இளைய மகனுக்கு இன்றுவரை என் மேல் கோபம்தான், ஸலாம் மட்டும் சொல்வார்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! அவர்களுக்குப் பணிவிடை செய்வோரின் உடலுக்கும் மனதுக்கும் பலம் தருவாயாக! ஆமீன்.