உடுப்பும் உடுத்தியவளும்

நடனக்காரியின் உடுப்பு படத்தில் பிழைத்துக்கொள்கிறது, ஆட்டம் பிழைப்பதில்லை. இதைக் காலத்தின் விதி என்று சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. எது பிழைக்க வேண்டும் என்று யாரோ தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானத்துக்கு ஒரு விலையும் இருக்கிறது.

1830களில் பாரிஸிலும் லண்டனிலும் பாலே நடனக்காரிகளின் படங்கள் கடைகளில் விற்றன. கல்லச்சில் கறுப்புக் கோடு மட்டும் அச்சாகும். பிறகு பட்டறையில், பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும், நீர்வண்ணத்தைக் கையால் பூசுவார்கள். ஒருவர் பாவாடைக்கு, அடுத்தவர் கன்னத்துக்கு என்று தாள் கைமாறும். அரங்கத்துக்குள் டிக்கெட் வாங்கிப் போக வசதியில்லாத கைகள் அவை என்று ஊகிப்பதில் தவறில்லை. பார்க்காத ஆட்டத்துக்கு நிறம் தந்தார்கள். 1832இல் ‘லா சில்ஃபீட்’ ஆடிய மரி தாக்லியோனி இந்தப் படங்களில் கனமே இல்லாதவள். பூவின் மேல் நின்றாலும் பூ வளையாது. பயிற்சியில் வீங்கிய கால்விரலுக்கு அந்தப் பட்டறையில் வண்ணம் கிடையாது.

இதே தாக்லியோனிதான் 1830இல் பாரிஸ் மேடையில் ‘பயதேர்’ ஆக, அதாவது நம்மூர் தேவதாசியாக, ஆடியவர். எட்டு வருஷம் கழித்து அசல் தேவதாசிகளே அங்கே போய் இறங்கினார்கள். கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரத்திலிருந்து தார்திவெல் என்பவர் ஒப்பந்தம் போட்டு அழைத்துப்போன குழு அது. 1838 ஆகஸ்டில் பாரிஸ், பிறகு லண்டன். தில்லம்மாள், அம்மணி, ரங்கம், சுந்தரம், ஒரு சிறுமி, கூட வாத்தியக்காரர்கள். தியோஃபில் கோத்தியே அம்மணியைப் பார்த்து மயங்கி, நிறம், நகை, துணி என்று பத்தி பத்தியாக எழுதினார். அந்தப் பேனாவும் சாயக்கோல்தான். மூன்று வருஷம் கழித்து ‘ஜிசெல்’ பாலேயின் கதையை எழுதியவர்களில் இவரும் ஒருவர். தாக்லியோனியையும் ஃபானி எல்ஸ்லரையும் சிறு வெண்கலச் சிலைகளாக வடித்திருந்த ழான் ஓகுஸ்த் பார் அம்மணியையும் வடித்தார். அச்சுத்தாள் ஒளித்துவைக்கும் கனத்தை வெண்கலத்தால் ஒளிக்க முடியாது.

வெள்ளைக்காரன் நம் பெண்களைக் காட்சிப்பொருளாக்கினான் என்று முடித்துக்கொள்வது சுலபம். பொய்யும் அல்ல. ஆனால் நம் கையைக் கழுவிக்கொள்ள அது மிகவும் வசதியாக இருப்பதால்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது. நாம் என்ன செய்தோம்? 1947இல் சென்னை மாகாணத்தில் கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டுவது சட்டத்தால் தடுக்கப்பட்டது. வேண்டிய சட்டம்தான், மூவலூர் ராமாமிர்தம் போன்று அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர்களே கேட்டது. அதற்கு முன்பே, 1935இல், ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறிவிட்டார். 1904இல் மதுரையில் பிறந்தவர். அன்னா பாவ்லோவா குழுவைச் சேர்ந்த ஒருவரிடம் பாலே கற்றவர். அவருடைய புதிய ஆட்ட உடுப்பைத் தைக்க உதவியது ஓர் இத்தாலியப் பெண்மணி. அந்த உடுப்பைக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. அழகானது, ஆட வசதியானது. என் உறுத்தல் வேறு. தடுக்கப்பட்டது ஒரு வழக்கம். ஆனால் மேடையிலிருந்து இறங்கியது ஒரு குலத்தின் பெண்கள். ஆட்டம் மட்டும் சுத்திகரிக்கப்பட்டு வேறு வீடுகளுக்குள் நுழைந்தது. பாரிஸ் பட்டறையில் தாள் கைமாறியதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

எல்லாச் சாயக்கையும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கொண்டையராஜு தேவி பால விநோத சங்கீத சபாவுக்குத் திரைச்சீலை எழுதியவர். பிறகு கோவில்பட்டியில் தங்கி, சிவகாசி காலண்டர்களுக்குச் சாமிப் படங்கள் வரைந்தார். நம் வீட்டுச் சுவரில் தொங்கிய முருகனின் நிற்கும் தோரணையில் நாடக மேடை இருக்கிறது. ஆனால் இவர் நடிகர்களுக்குப் பின்னால் நின்ற மனிதர். வேர்வை வாடை தெரிந்தவர். காலண்டரைச் சரக்கென்று தள்ளும் நம் விமர்சகர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மதுரைப் புதுமண்டபத்துத் தையல்காரர்களை எங்கே வைப்பது? நாயக்கர் காலத்துத் தூண்சிலைகளின் காலடியில் மிஷினைப் போட்டு, அண்மைக்காலம்வரை, பள்ளி விழாவின் ஆண்டாள் வேஷமும் பரதநாட்டிய உடுப்பும் அழகர் திருவிழாவில் திரியெடுப்பவர்களின் உடையும் தைத்துவந்தவர்கள். இவர்களும் அரங்கேற்றத்துக்குப் போகிறவர்கள் அல்ல. ஆனால் அளவெடுக்கிறார்கள். ‘பாப்பா, கையைத் தூக்கும்மா’ என்று சொல்லி, இடுப்புக்கு நாடாவைச் சுற்றி, வளர்கிற பிள்ளை என்று இரண்டு அங்குலம் உள்ளே மடித்து விடுகிறார்கள். அந்த இரண்டு அங்குலத்தில், இந்த உடம்பு அடுத்த வருஷமும் இருக்கும், மாறும் என்ற ஒப்புதல் இருக்கிறது. கோத்தியேயின் பத்தியில் அது இல்லை. வாடகைக்கு வரும் ரெடிமேட் உடுப்பிலும் இல்லை. அதை ஊக்கு குத்திச் சமாளிக்கிறார்கள்.

அம்மணிக்கு அளவெடுத்தவர் யாரென்று எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை. திருவஹீந்திரபுரத்தில் ஒரு தையல்காரருக்கோ அவள் தாய்க்கோ அவளுடைய ரவிக்கையின் அளவு தெரிந்திருக்கும்.