யாரைக் கேட்டுப் பாடினார்கள்

ஒரு குழுவின் பாட்டு மனதில் தங்கிவிட்டால், அதைப் பாடியவர்கள் சின்ன வயதில் யாருடைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்கள் என்று தேடத் தோன்றுகிறது. கிடைத்ததை இந்தக் கொப்பியில் எழுதி வைக்கிறேன். மாத்தளையில் இருந்து கேட்கிறவனுக்கு அந்தத் தேடல் இரண்டு திசையில் போகிறது. ஒன்று கண்டி வழியாகக் கொழும்புக்கும் கடலுக்கும் இறங்கும். மற்றது எல்கடுவை, ரத்தோட்டை மலைகளுக்கு ஏறித் தேயிலைத் தோட்டங்களின் லயங்களுக்குள் நுழையும். முதல் திசையில் பெயர்கள் நிறையக் கிடைக்கின்றன.

*

மூன்ஸ்டோன்ஸ் என்ற சிங்களக் குழுவில் தொடங்குகிறேன். எனக்கு அவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். 1960களின் நடுப்பகுதி. கிளாரன்ஸ் விஜேவர்தன, அனஸ்லி மாலேவன, இந்திராணி பெரேரா. கிளாரன்ஸ் 1943இல் ஹப்புத்தளையில், தேயிலை நாட்டில் பிறந்தவர். சிங்கள மெல்லிசைக்குள் மின் கிட்டாரைக் கொண்டுவந்து அங்கேயே குடியிருக்க வைத்தவர். அதற்கு முன் ஆர்மோனியம், வயலின், தபேலா, புல்லாங்குழல். பாட்டின் முகம் பெரும்பாலும் வட இந்தியாவைப் பார்த்தே இருந்தது.

அந்தப் பழைய ஒலிப்பதிவுகளில் கிட்டாரை விடக் குரல்களுக்கே நான் அதிகம் காது கொடுக்கிறேன். இரண்டு குரல் சேர்ந்து பாடும், ஆனால் ஒரே சுரத்தில் இல்லை. ஒன்று மெட்டைப் பிடித்துப் போக, மற்றது சற்று மேலேயோ கீழேயோ அதன் கூடவே வரும். நமது பஜனையிலும் கூத்திலும் எத்தனை பேர் பாடினாலும் ஒரே சுரத்தில்தான் சேர்வோம். இப்படிப் பிரிந்து சேரும் பழக்கம் தேவாலயப் பாடல்களில் இருந்து வந்தது. அக்காலத்தில் கிட்டாரும் கையுமாக நின்ற கலிப்சோ குழுக்களிடமும் அது இருந்தது. நெவில் பெர்னாண்டோவின் லொஸ் கபலேரோஸ், நோயல் ரணசிங்கவின் லா சிலோனியன்ஸ்: தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட அந்தப் பெயர்களிலேயே யாரைப் பார்த்து ஆசைப்பட்டார்கள் என்பது தெரிகிறது. லத்தீன் அமெரிக்காவின் கிட்டார்க் குழுக்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஹரி பெலபொன்டே.

*

பெலபொன்டேயிடம் கொஞ்சம் நிற்க வேண்டும்.

நியூயோர்க்கில் பிறந்தவர், தாயின் வேர் ஜமைக்காவில். 1956இல் வந்த அவருடைய 'கலிப்சோ' இசைத்தட்டின் முதல் பாட்டு, இரவெல்லாம் கப்பலில் வாழைக்குலை ஏற்றிய ஜமைக்காத் தொழிலாளர்களுடையது. விடிந்துவிட்டது. கணக்கெடுப்பவன் வந்து குலைகளை எண்ண வேண்டும். எண்ணினால்தான் வீட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான் பாட்டின் பொருள். உலகம் அதை உல்லாசப் பாட்டாக எடுத்துக்கொண்டது.

கொழுந்து மூட்டையோடு தராசடியில் வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நிறுத்துப் பதிந்தால்தான் அவளுடைய நாள் முடியும். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கணக்கப்பிள்ளை கழிப்பதையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இந்தியாவில் இருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிய முதல் கப்பல்கள் ஜமைக்காவுக்கும் டிரினிடாட்டுக்கும் போனது 1845இல். அதே காலத்தில் இங்கே கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, நாலந்தா கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். ரயில் மாத்தளையைத் தொட்டது 1880இல்தான். ஆக, ஒரே தோட்ட முறைமை இரண்டு தீவுகளில் போட்ட இரண்டு வரிசைகள். ஒரு வரிசையின் பாட்டு நியூயோர்க்கில் இசைத்தட்டாகி, கொழும்பு இளைஞர்களின் கிட்டாருக்கு வந்து, அங்கிருந்து வானொலி வழியாக மற்ற வரிசையின் லயங்களுக்குள் கேட்டது. பாடியவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. எனக்குத் தெரிந்த பிறகு மூன்ஸ்டோன்ஸை வேறு விதமாகக் கேட்க முடியவில்லை. அந்தக் குரல்களுக்குப் பின்னால் ஒரு துறைமுகம் இருக்கிறது.

*

பைலா என்ற ஆட்டப்பாட்டின் வழி இதைவிடப் பழையது. போர்த்துக்கீசர் கொண்டுவந்த பாட்டும், அவர்களோடு கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தாளமும் கரையோரத்தில் கலந்து ஊறின. புத்தளத்துப் பக்கம் அந்த ஆப்பிரிக்க வம்சாவளியினர் இன்னும் பாடுகிறார்கள். பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்டியன் அதைச் சிங்களப் பாட்டாக்கி நாட்டுக்கே கொடுத்தார். அதில் ஒரு வகை, வாத பைலா: இரண்டு பாடகர்கள் மேடையிலேயே பாட்டுக் கட்டி ஒருவரை ஒருவர் மடக்குவார்கள். தஞ்சைப் பக்கத்தில் காமன் பண்டிகையில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து லாவணி பாடுவார்களே, அதே வீம்பு. காமன் கூத்து நம் தோட்டங்களிலும் மாசியில் ஆடப்படுகிறது. இவற்றில் ஒன்று மற்றொன்றிடம் கற்றது என்று நான் சொல்லவில்லை. ஒரே தீவில் இரண்டும் வாழ்ந்திருக்கின்றன என்பதே எனக்குப் போதும்.

*

சுராங்கனி.

ஏ. ஈ. மனோகரன் அந்தப் பாட்டைச் சிங்களமும் தமிழுமாகக் கலந்து பாடினார். 1960களின் இறுதியில் நித்தி கனகரத்தினமும் மனோகரனும் தமிழில் பொப்பிசை என்று ஒன்றை உண்டாக்கியபோது, அவர்களுக்கு முன்மாதிரி தமிழகத்தில் இல்லை. சினிமாவுக்கு வெளியே கிட்டாரோடு நின்று, கள்ளுக்கடையையும் மாமியையும் வீட்டுத் தமிழில் பாடுவதற்கான துணிவு பைலா மேடையில் இருந்து வந்தது. சிங்கள நண்பர்களின் விருந்துகளில், கல்லூரி விடுதிகளில் கேட்ட தாளம் அது. பிறகு அந்தப் பாட்டு பாக்குநீரிணையைக் கடந்தது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அதைப் பயன்படுத்தினார். மலேசியா வாசுதேவன் பாடினார். தமிழகத்தில் பலருக்கு அது அவர்கள் ஊர்ப் பாட்டு. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அவரைச் சிலோன் மனோகர் என்றே அங்கே நினைவு வைத்திருந்தார்கள்.

மாத்தளை–கண்டி பஸ்களில் இன்றும் சிங்களப் பைலா வரிசைக்கு நடுவே அது ஒலிக்கும். 1983 ஜூலைக் கலவரத்தில் மாத்தளையின் தமிழ்க் கடைகள் எரிந்தன. அதற்கு முன்பும் அந்தப் பாட்டை எல்லோரும் பாடினார்கள், பின்பும் பாடினார்கள். பாட்டு கலந்தால் மனிதர் கலந்துவிடுவார்கள் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த வேலையைப் பாட்டின் தலையில் வைப்பது அநியாயம். ஆனாலும் அந்த ஆண்டுகளிலும் சிங்கள மேடைக்கும் தமிழ் மேடைக்கும் இடையில் தாளம் நிற்காமல் போய்வந்தது என்பதை மறைப்பதும் அநியாயம்தான்.

*

சின்னக் குறிப்பு. முதல் சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொறொந்துவ' 1947இல் வந்தது. மதுரையில் எடுக்கப்பட்டது. இசை நாராயண ஐயர். நாகர்கோவிலில் பிறந்த ஆர். முத்துசாமி பிறகு இங்கேயே தங்கிச் சிங்களப் படங்களுக்கு இசையமைத்தார். கிட்டார் வருவதற்கு முன்பே சிங்களக் காதுக்குள் மதுரையும் நாகர்கோவிலும் இருந்தன.

*

இனி மற்றத் திசை.

தோட்டத்தில் இசைக்குழு என்றால் முதலில் தப்பு செட். விடியற்காலையில் பிரட்டுக்கு ஆள் கூப்பிட ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி, திருவிழாவுக்கு ஒரு அடி, காமன் கூத்தில் மதனுக்கும் ரதிக்கும் தனித்தனி அடி. கேட்டவுடனே லயத்துக்குள் இருப்பவருக்குச் சேதி தெரிந்துவிடும். அடிக்க முன் மிலாறு என்ற தேயிலைச் சுள்ளி போட்டு நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சுவார்கள். வலக்கையில் தடித்த குட்டைக் குச்சி, இடக்கையில் மெல்லிய நீளக் குச்சி. மழை நாளில் தோல் தளர்ந்து குரல் அடைக்கும். நடுவில் நிறுத்தி மறுபடியும் காய்ச்சுவார்கள். அந்த இடைவெளியில் உறுமி தனியாக முனகிக்கொண்டிருக்கும். எனக்கு அந்த நேரம் பிடிக்கும்.

ஒரு தோட்டத்துச் செட்டை இன்னொரு தோட்டத்தார் கேட்டு மாற்றிக்கொண்ட கதைகள் இங்கே உண்டு. ரத்தோட்டைப் பக்கத்து அடி, உக்குவளைப் பக்கத்து அடி என்று பெரியவர்கள் பிரித்துச் சொல்வார்கள். கல்யாணம் கட்டிக்கொண்டு மலை மாறிய பெண்ணின் தம்பி விருந்துக்குப் போய் ஒரு புது அடியைப் பிடித்துக்கொண்டு வருவான். கிளாரன்ஸ் காலத்தவர்கள் பெலபொன்டேயின் பாட்டைக் கேட்டதற்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றுதான்: இசைத்தட்டின் உறையில் பெயர் அச்சாகும். இங்கே அச்சான உறை எதுவும் இல்லை. செட்டை அழைத்த வீட்டாருக்குக்கூட அடிப்பவரின் முழுப்பெயர் பல சமயம் தெரியாது. அந்தக் கலையைச் சுமந்தவர்கள் சாதியின் பெயரால் தூரமாக நிறுத்தப்பட்டவர்கள் என்பதால், பெயர் கேட்காமல் இருப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. யார் யாரிடம் கற்றார்கள் என்ற வரலாற்றை எழுதும்போது நாம் பெயர் அச்சானவர்களை மட்டும் கோத்துக்கொண்டு போகிறோம். என் கொப்பியும் அப்படித்தான் நிறைந்திருக்கிறது. இது என்னை உறுத்துகிறது.

நாலந்தா கெடிகேயில் நிற்கும்போதும் இதே நினைவு. பல்லவச் சாயல் கொண்ட கல் கோயில், பௌத்தத்துக்காக எழுந்தது. போவதென்ன நீர்த்தேக்கத்துக்காக அதைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மறுபடி அடுக்கினார்கள். எந்தச் சிற்பி எந்தக் கரையில் யாரிடம் உளி பிடிக்கப் பழகினான் என்று எந்தக் கல்லும் சொல்வதில்லை.

*

மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் வெளியிட்ட 'கலா' இசைத்தொகுப்பு. தாயின் பெயர் அது. லண்டனில் பிறந்து குழந்தையாக யாழ்ப்பாணத்துக்கு வந்து, போரால் திரும்பவும் லண்டன் போனவர். அந்தத் தொகுப்பின் மிகப் பிரபலமான பாட்டு, த க்ளாஷ் என்ற லண்டன் குழுவின் 1982 பாட்டொன்றின் கிட்டார்த் துண்டின்மேல் நிற்கிறது. க்ளாஷ் தங்கள் முதல் தொகுப்பிலேயே ஜமைக்காவின் ஜூனியர் மர்வின் பாடிய ரெகே பாட்டை எடுத்துப் பாடியவர்கள். மறுபடியும் ஜமைக்கா. அதே தொகுப்பின் முதல் பாட்டுக்குள் இளையராஜாவின் 'தளபதி' படப் பாட்டொன்று கேட்கிறது. இன்னொன்றில் சென்னையில் பதிவு செய்த உறுமி அடி. அந்த அடியைக் கேட்டவுடன் என் தோள் அசைந்தது. அது நம் திருவிழா அடிக்கு அவ்வளவு கிட்ட இருக்கிறது. க்ளாஷின் பெயர் எல்லாக் கட்டுரைகளிலும் இருக்கிறது. உறுமி அடித்தவர்களின் பெயரை எழுதிய கட்டுரை ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

*

இங்கே ஒரு கல்யாண இசைக்குழுவில் ஒக்டோபேட் என்ற மின் தாளக்கருவி அடிக்கும் பையனைத் தெரியும். தாத்தா தப்பு அடித்தவர். மாசிமகத்தில், முத்துமாரியம்மனின் ஐந்து தேரும் மாத்தளை வீதியில் வரும் நாளில், இவனும் செட்டில் நிற்பான். அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் ஜிப்சீஸ் குழுவின் பைலா வரிசையை அடிப்பான். தாத்தாவின் தப்பைக் கைப்பேசியில் பதிந்து, ஒக்டோபேட்டின் மேல் வரிசையில் ஒரு தட்டில் ஏற்றி வைத்திருக்கிறான். பைலாவுக்கு நடுவில் அதை எடுத்தால் சிங்கள வீட்டுக் கல்யாணத்திலும் ஆட்டம் கூடுகிறதாம்.

இரண்டையும் எப்படி ஒட்டுகிறாய் என்று கேட்டேன்.

"ரெண்டுமே ஆறுதாங்க அண்ணே. பைலாவுல ஒன்னையும் நாலையும் அழுத்துவோம். தாத்தாவோட அடியில அழுத்தம் கொஞ்சம் பிந்தி விழும். பிந்துறத மட்டும் மாத்தாம வச்சிருக்கேன்."

மேசையில் விரலால் அடித்துக் காட்டினான். இரண்டாவது முறை நானும் எண்ணிக்கொண்டு வந்தேன். தாத்தாவின் பெயரையும், அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் எந்தத் தோட்டம் என்பதையும் கேட்டேன். தாத்தா பெயரைச் சொன்னான். மற்றதை அப்பாயிடம் கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். கொப்பியில் கிளாரன்ஸ் விஜேவர்தனவுக்கு எதிர்ப்பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.