பாலாலயம் இல்லாத திருப்பணி

கோயிலில் திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்வார்கள். மூலவரின் ஆற்றலைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, வேறோரிடத்தில் எழுந்தருளச் செய்து, பூசை தடைபடாமல் பார்த்துக்கொள்வார்கள். வேலை முடிந்து கும்பாபிஷேகம் நடக்கும்போதுதான் அது கருவறைக்குத் திரும்பும். சுவரைத் தொடலாம், உள்ளே உறைவதைக் கைவிடக் கூடாது. மூடிய பஞ்சாலைகளைக் கலைக்கூடமாக்குகிறவர்களுக்கும் இந்த விதி உண்டா?

உண்டு. ஆயுத பூசையன்று இயந்திரத்தைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்ட தொழிலாளிக்கு ஆலை வெறும் கூரையாக இருந்ததில்லை. மலாக்கா ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டுக் கத்தியையும் வாளியையும் சாமிக்கு முன் வைத்து வணங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சென்னை பெரம்பூரின் பின்னி துணி ஆலைகளை எடுத்துக்கொள்வோம். பக்கிங்காம், கர்நாடிக் என்ற இரு ஆலைகளில் ஆயிரக்கணக்கானோர் உழைத்தார்கள். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அங்கே வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்ற ஆன்மிக சபையை நடத்தி வந்தார்கள். பக்திச் சொற்பொழிவு கேட்க வந்த தொழிலாளர்கள் தங்கள் குறைகளையும் சொன்னார்கள். சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது அவற்றில் முக்கியமானது. திரு.வி.க.வும், தியசாபிகல் சங்கத்தைச் சேர்ந்த பி.பி. வாடியாவும் வந்து சேர, 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் ஒரு பக்தி சபையின் மடியில் வளர்ந்த பிள்ளை!

அந்த ஆலையைப் புனிதத்தலமாக மட்டும் பாடுவதும் பொய்யாகிவிடும். 1921 வேலைநிறுத்தம் சாதி வழியே பிளந்தது. புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. உறைவதைக் காப்பது என்றால் இந்தக் காயத்தையும் சேர்த்துத்தான். 1990களில் ஆலை நின்றது. பிறகு அதன் கூடங்கள் திரைப்படப் படப்பிடிப்புக்கு இடம் கொடுத்தன. நிலத்தில் அடுக்குமாடிகள் எழும்பின. பாலாலயம் மட்டும் நடக்கவேயில்லை.

புதுச்சேரிக்கும் இப்படியொரு நினைவுக்கடன் உண்டு. 1936 ஜூலை 30 அன்று உரிமை கேட்ட ஆலைத் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சு ஆட்சியில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எட்டு மணி நேர வேலை அதன்பின்தான் கிடைத்தது. அங்குள்ள ஏ.எஃப்.டி. ஆலையும் 2020இல் மூடப்பட்டுவிட்டது. நாளை அதில் எது வந்தாலும், அந்தப் பன்னிருவருக்கு வாசலிலேயே இடம் இருக்க வேண்டும்.

செய்ய முடியாத காரியமல்ல. ஹாங்காங்கின் சூன் வான் பகுதியில் ‘நான் ஃபங்’ பஞ்சாலைகள் 2018இல் ‘தி மில்ஸ்’ வளாகமாகத் திறக்கப்பட்டன; நெசவுத் தொழிலின் வரலாற்றை நினைவூட்டும் ஒரு கலை மையத்தையும் உள்ளே வைத்தார்கள். இடிக்காமல் புதுப்பிப்பதால் சிமெண்டும் இரும்பும் மிச்சமாகின்றன; பூமிக்கு அது நல்லது. ஆனால் கல்லைக் காப்பாற்றிவிட்டு மனிதரை மறப்பது அரைத் திருப்பணிதான். நம் மலேசியாவில், செந்தூல் ரயில்வே வளாகத்துப் பழைய கட்டடம் 2005இல் கேஎல்பேக் நாடக அரங்கமானது. தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வியர்வை சிந்திய பணிமனை வட்டாரம் அது. அங்கே நாடகம் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

மலாக்காவின் கிளேபாங் கடற்கரையில் ஓய்வுபெற்ற நீர்மூழ்கிக் கப்பலொன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. சோழமண்டலக் கரையின் துணி வந்து இறங்கிய துறைமுகம் மலாக்கா; பழையதைப் போற்றும் பழக்கம் இங்கே புதிதல்ல. அடுத்து ஏதாவது தோட்டத்து ரப்பர் ஆலை உணவகமாகவோ கலைக்கூடமாகவோ மாறலாம். வரைபடம் போடுமுன் அங்கே வேலை செய்த பெரியவர்களைத் தேடிப் போங்கள். அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள், பெயர்களை எழுதி வாங்குங்கள். கட்டடம் திறக்கும் நாளில் அவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.