குடியிருந்தவருக்கு என்ன உரிமை?

1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்த 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை மலேசிய அரசு 1997இல் ரத்து செய்தது. கொடுத்த அவகாசம் முடிந்து, 2000 ஜனவரி முதல் உரிமையாளர் கேட்டதே வாடகை என்றானது. நாட்டிலேயே அத்தகைய கட்டடங்கள் அதிகம் இருந்த, பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில், தலைமுறைகளாக இருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள்.

உரிமையாளர் பக்கமும் நியாயம் உண்டு. அந்த வாடகையில் கூரை ஓடு மாற்றக்கூடக் காசு தேறாது; கறையான் அரித்த உத்தரத்தோடு எத்தனையோ வீடுகள் நின்றன. ஏழைக்கு வீடு தரும் கடமை அரசுடையது. அதைத் தனியார் சொத்தின் தலையில் கட்டியது சரியல்லதான். ஆனால் சுமையை இறக்கிய அரசு, அதை முழுதாகத் தான் ஏற்கவில்லை. தவறு அங்கேதான்.

கடைவீட்டில் கீழே வியாபாரம், மேலே குடும்பம், முன்னால் அஞ்சடி எனும் கூரையிட்ட நடைபாதை. மாரியம்மன் கோயில் பக்கத்து அஞ்சடியில் பூக்கட்டிப் பிழைப்பவரை புறநகரான ஆயர் ஈத்தாமின் அடுக்குமாடிக்கு அனுப்பினால் தங்க இடம் கிடைக்கும். விடிகாலையில் மாலை வாங்க வருகிறவர் அங்கே வரமாட்டார். சதுர அடிக் கணக்கில் இந்த இழப்பு வராது.

அதற்காகப் புதிதாக எதையும் கட்டவே கூடாது என்பதும் அறமாகாது. தீவில் நிலம் குறைவு. புது வீடுகள் எழாவிட்டால் வாடகை இன்னும் ஏறும், இளம் குடும்பங்கள்தான் அடிபடும். கேள்வி, யாரை அகற்றிக் கட்டுகிறோம் என்பது. குளுகோரில் மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர்களின் கம்போங் புவா பாலா, வழக்கில் தோற்று 2009 செப்டம்பரில் இடிபட்டது. சட்டப்படி நிலம் அவர்களுடையதல்ல. நீண்டகாலம் ஓரிடத்தில் வாழ்ந்ததற்கு, பட்டா இல்லாவிட்டாலும், ஒரு மதிப்பு உண்டு என்பதைச் சட்டம் அறியவில்லை.

2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது சுவர்களுக்காக மட்டுமல்ல. பல இனத்தார் கலந்து வாழும் மரபுக்காகவும்தான். அந்த மரபைக் காட்டிப் பெற்ற பெருமையில், அதைச் சுமந்தவர்களுக்குப் பங்கு வேண்டும்.

நகரின் கடைவீடுகளில் கணிசமானவை சீனக் குலச் சங்கங்களான கொங்சிகள், பள்ளிவாசல் அறக்கொடையான வக்பு, இந்து அறப்பணி வாரியம் ஆகியவற்றின் கையில் உள்ளன. இவை லாபத்துக்காகத் தோன்றிய அமைப்புகள் அல்ல. தங்கள் வீடுகளில் ஒரு பகுதியையேனும், பழைய குடித்தனக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில், நீண்டகால எழுத்து ஒப்பந்தத்தோடு ஒதுக்க இவை முன்வர வேண்டும். பழுதுபார்க்கும் செலவில் அரசு பங்கேற்க வேண்டும்.