விலகி நிற்பவன் வீழ்ந்தவனா?

போட்டியில் இறங்கியவன் இடையிலே விலகினால் ஊர் என்ன சொல்லும்? “அஞ்சி ஓடினான்” என்பார் ஒருவர். “விலை பேசிவிட்டான்” என்று கண் சிமிட்டுவார் மற்றொருவர். “தோல்வி தெரிந்தது, துணிவு கலைந்தது” என்று முடிவு கட்டுவார் மூன்றாமவர். விலகியவன், “நான் நிற்பதைவிட என் தோழர் வெல்வது நாட்டுக்கு நல்லது, ஆகவே அவரை ஆதரிக்கிறேன்” என்று கூறினால், அதைக் காது கொடுத்துக் கேட்பார் சிலரே. நிற்பது வீரம், விலகுவது வீழ்ச்சி என்று எண்ணிப் பழகிவிட்டது நமது மனம்.

விட்டுக்கொடுத்தல் என்ற சொல் நம் நாட்டார்க்குப் புதிதன்று. அண்ணனுக்காக அரியணையை விட்டு, அதன்மீது பாதுகையை வைத்துப் பணிந்த தம்பியின் கதையைச் சொல்லாத பாகவதர் இல்லை. கேட்டுக் கண்ணீர் உகுக்காத கூட்டமும் இல்லை. ஆனால் அந்தக் கதையிலே நாடு யாருடையது? அண்ணன் உடைமையா, தம்பி உடைமையா என்பதுதான் அங்கே வழக்கு. உழுதவனையும் நெய்தவனையும் அழைத்து, “உனக்கு யார் வேண்டும்?” என்று கேட்டு, அவன் சொன்னபடி நடந்தவர் எவருமில்லை. குடும்பச் சொத்தை ஒருவர் மற்றவர்க்கு விட்டுத் தருவது பெருந்தன்மையாக இருக்கலாம், அரசியல் அறமாகிவிடாது. மக்களாட்சியிலே பதவி மக்களுடையது. அதை எடுத்து இன்னொருவர்க்கு வழங்கும் உரிமை எந்த வேட்பாளனுக்கும் இல்லை. அவன் விட்டுக்கொடுக்கக் கூடியது ஒன்றே ஒன்றுதான்: “நான்தான் நிற்க வேண்டும்” என்ற தன் விருப்பம். அந்த விருப்பத்தை எப்போது விடுவது அறம்? எப்போது விடுவது இழிவு? எப்போது, உயிரே போவதாயினும் விடாதிருப்பது கடமை? இவற்றைத்தான் நாம் ஆராய்ந்தாக வேண்டும்.

பிரெஞ்சு நாட்டு அரசியலிலே இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. அங்கே நாடாளுமன்றத் தேர்தல் இரு சுற்றுகளாக நடப்பது வழக்கம். முதற்சுற்றில் எவரும் பாதிக்கு மேல் வாக்குப் பெறாத தொகுதியில், ஒரு வாரம் கழித்து மீண்டும் வாக்கெடுப்பு. இரண்டாம் முறை அதிக வாக்குப் பெற்றவர் வென்றவர். இரு சுற்றுக்கும் இடைப்பட்ட அந்தச் சில நாட்களில்தான் வேட்பாளனின் நெஞ்சம் உரைகல்லிலே உரசப்படுகிறது. மூன்றாம் இடத்திலே நிற்பவன் தொடர்ந்து நிற்பதா? அல்லது தனக்கு நெருங்கிய கருத்துடையவர் வெல்ல வழிவிட்டு விலகுவதா?

1928ஆம் ஆண்டுத் தேர்தலிலே பிரெஞ்சுப் பொதுவுடைமைக் கட்சி, “வர்க்கத்துக்கு எதிர் வர்க்கம்” என்ற முழக்கத்தை எழுப்பிற்று. சோஷலிஸ்டுகளும் முதலாளிகளின் தோழர்களே என்று கூறி, அவர்களுக்காக விலக மறுத்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட உழைப்பாளர்கள் அக்கட்சிக்கு வாக்களித்தனர். கிடைத்த இடங்களோ பதினைந்துகூட இல்லை! கொள்கை தூய்மையாக இருந்தது. உழைப்பாளியின் வாழ்க்கை இருந்த இடத்திலேயே இருந்தது.

1933இல் செர்மனியிலே இட்லர் ஆட்சிக்கு வந்தான். அங்கே சோஷலிஸ்டுகளும் பொதுவுடைமையினரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்த நேரத்திலே, இருவரையும் விழுங்கும் பூதம் வளர்ந்துவிட்டிருந்தது. 1934 பிப்ரவரி 6 அன்று பாரிசு நகரத் தெருக்களிலேயே வலதுசாரி அணிகள் கலவரம் புரிந்தன. பிரெஞ்சு உழைப்பாளர்கள் விழித்துக்கொண்டனர். 1936 தேர்தலுக்கு முன் மக்கள் முன்னணி அமைந்தது. முதற்சுற்றிலே அவரவர் கொடியோடு அவரவர் நிற்பது, இரண்டாம் சுற்றிலே முன்னணிக் கட்சிகளுள் யார் முந்தி நிற்கிறாரோ, அவருக்காக மற்றவர் விலகுவது, இதுவே ஏற்பாடு. பொதுவுடைமைக் கட்சி 72 இடங்களைப் பெற்றது. சோஷலிஸ்டுத் தலைவர் லெயோன் ப்ளூம் தலைமை அமைச்சரானார். வாரத்துக்கு 40 மணி நேர வேலை, ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பள விடுமுறை என்ற சட்டங்கள் அந்த ஆண்டே பிறந்தன. பொதுவுடைமைக் கட்சியோ அமைச்சரவையிலே சேரவில்லை. வெளியே நின்று ஆதரித்தது. தோழர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். விலகியவர் வீட்டுக்குப் பதவி போகவில்லை. உழைப்பவர் வீட்டுக்கு ஓய்வு வந்தது.

விலகாமையால் விளைந்த கேடும் அதே நாட்டு ஏட்டிலே உண்டு. 2002 ஏப்ரல் 21 அன்று குடியரசுத் தலைவர் தேர்தலின் முதற்சுற்று. வேட்பாளர்கள் 16 பேர். இடதுசாரிப் பக்கத்திலே மட்டும் பலர் தனித்தனியே நின்றனர். இரண்டாம் சுற்றிலே நாம் ஒன்றுபட்டுக்கொள்ளலாம் என்று ஒவ்வொருவரும் நினைத்தனர். சோஷலிஸ்டுக் கட்சியின் லியோனல் சோசுப்பேன் பெற்றது 16.18 விழுக்காடு, இனவெறி பேசிய சான் மாரி லெ பென் பெற்றது 16.86 விழுக்காடு. இரண்டு இலட்சத்துக்கும் குறைவான வாக்குகளே இடைவெளி. இரண்டாம் சுற்றிலே இடதுசாரிகளுக்கு நிற்கவே ஆள் இல்லாமற் போயிற்று! வேறு வழியின்றி, தாம் நெடுங்காலம் எதிர்த்த வலதுசாரியான சாக் சிராக்குக்கு வாக்களித்தனர். அவர் 82 விழுக்காடு பெற்று வென்றார். முன்னே ஒரு தோழனுக்காக விலக மறுத்தவர்கள், பின்னே ஓர் எதிராளிக்காக வரிசையில் நிற்க நேர்ந்தது.

அந்தப் பாடம் வீண்போகவில்லை. 2024 சூன் 30 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலின் முதற்சுற்றிலே லெ பென் வழிவந்த கட்சியின் அணி முதலிடம் பெற்றது. முந்நூறுக்கும் மேற்பட்ட தொகுதிகளிலே மும்முனைப் போட்டி உருவாகும் நிலை. சில நாட்களுக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் விலகினர். இடதுசாரி நடுவழியாருக்காகவும், நடுவழியார் இடதுசாரிக்காகவும் விலகினர். சூலை 7 அன்று முடிவு வந்தபோது, முதலிடத்தில் இருந்த அணி மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது.

இங்கே ஒரு மறுப்பு எழும். “முதற்சுற்றிலே எதிர்த்தவனுக்கு இரண்டாம் சுற்றிலே ஆதரவா? இது கொள்கைக் குழப்பம் அல்லவா?” என்று கேட்பர். கேட்க வேண்டிய கேள்விதான். தீப்பிடித்த தெருவிலே வாய்க்கால் வழக்கில் மோதிக்கொண்ட இருவர் சேர்ந்து தண்ணீர் இறைத்தால், வழக்கு தீர்ந்துவிட்டது என்று பொருளா? இல்லை. வழக்கு இருக்கிறது, அதை நடத்துவதற்கு வீடும் இருக்க வேண்டும் என்று அறிந்திருக்கிறார்கள், அவ்வளவே. அதே வேளையிலே இந்த வழியின் எல்லையையும் நாம் மறைக்கலாகாது. 2024இல் எழுந்த அவையிலே எந்த அணிக்கும் பெரும்பான்மை இல்லை. அவ்வாண்டு டிசம்பரிலேயே மிசேல் பார்னியேயின் அமைச்சரவை நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலே வீழ்ந்தது. விலகல் தீமையைத் தடுக்கும். நன்மையைச் செய்து முடிக்கும் வேலை அதற்குப் பின்னும் மிச்சமிருக்கும்.

மற்றொரு மறுப்பு இன்னும் ஆழமானது. “எனக்கு வாக்களிக்கவிருந்தவர்களை இன்னொருவர்க்குக் கொடுக்க நான் யார்? மக்கள் என்ன மந்தையா?” இதுவும் நேர்மையான கேள்வி. விடை வரலாற்றிலேயே இருக்கிறது. 1939 சனவரியிலே காங்கிரசுத் தலைவர் தேர்தல். மௌலானா ஆசாத் போட்டியிலிருந்து விலகி, பட்டாபி சீதாராமையாவை ஆதரித்தார். காந்தியாரின் ஆதரவும் பட்டாபிக்கே. எதிரே நின்றவர் சுபாசு சந்திர போசு. எண்ணிப் பார்த்தபோது போசுக்கு 1580 வாக்குகள், பட்டாபிக்கு 1377. பெரியவர் விலகினார், பெரியவர் பரிந்துரைத்தார். ஆயினும் வாக்களித்தவர்கள் தம் அறிவைக் கேட்டே வாக்களித்தனர். வாக்கு எவருடைய மடியிலும் கட்டி வைத்த பொற்காசு அன்று, எடுத்து நீட்டுவதற்கு. ஆகவே விலகுபவன் செய்யக் கூடியது ஒன்றே: காரணத்தைச் சொல்லி வேண்டுவது. ஆணையிட அவனுக்கு உரிமை இல்லை. வேண்டுகோளிலே காரணம் இல்லையேல், வாக்காளனை மந்தையாக நினைத்துவிட்டான் என்றே பொருள்.

அப்படியானால், ஆதரிக்கப்பட்டவரின் கடமை என்ன? இதற்கு நம் மண்ணிலேயே கசப்பான பாடம் ஒன்று உண்டு. 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே திராவிட முன்னேற்றக் கழகம் தானே போட்டியிடவில்லை. தன் கொள்கைக்குச் சட்டமன்றத்தில் துணை நிற்பதாக உறுதி தந்தவர்களை ஆதரித்தது. காங்கிரசுக்குச் சென்னை மாநிலத்திலே பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஆனால் நடந்தது என்ன? கழகத்தின் ஆதரவு பெற்ற பொதுநலக் கட்சியின் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர், இராசாசியின் அமைச்சரவையிலேயே அமர்ந்தார். உழைப்பாளர் கட்சித் தலைவர் இராமசாமி படையாட்சியார் 1954இல் காமராசரின் அமைச்சரவையிலே சேர்ந்தார். 1956இல் திருச்சி மாநாட்டிலே, இனித் தானே போட்டியிடுவது என்று கழகம் முடிவு செய்தது. 1957இல் நின்றது, 15 இடங்களை வென்றது. ஒதுங்கி நின்று ஒருவரை உயர்த்துவோர், உயர்ந்தவர் எங்கே செல்கிறார் என்று பார்த்துக்கொண்டேயிருக்க வேண்டும். ஆதரவு தேர்தல் நாளோடு முடியும் திருமண வாழ்த்து அன்று. ஆட்சிக் காலம் முழுதும் கேட்டுப் பெற வேண்டிய கணக்கு.

இனி, இழிவான விலகலைப் பார்ப்போம். பணம் பெற்று விலகுவோர் உண்டு. விலகுவதற்கென்றே மனுச் செய்வோரும் உண்டு. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், போட்டியிடவோ விலகவோ ஒருவர்க்குக் கைக்கூலி தருவதையும், அதை அவர் பெறுவதையும் முறைகேடு என்றே தன் 123ஆம் பிரிவிலே கூறுகிறது. மனு ஆய்வுக்குப் பின் இரண்டாம் நாள் வரையே விலக இடமுண்டு என்றும் அச்சட்டம் வரையறுக்கிறது. அதன்பின் எவ்வளவு முழங்கினாலும் பெயர் வாக்குப் பொறியிலே இருந்தே தீரும். நாணயமாக விலக நினைப்பவன் காலத்தோடு விலகுவான். பேரம் படிவதற்காகக் கடைசி மணி வரை காத்திருப்பவனை மக்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

கைக்கூலியைவிடக் கொடியது வேறொன்று: அரிவாளைக் காட்டி வாங்கும் விலகல். 1996இல் மதுரை மாவட்டத்து மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. மனுச் செய்தவர்கள் மிரட்டப்பட்டு விலகினர், தேர்தல் நின்றது. பின்னர் முருகேசன் நின்றார், வென்றார். 1997 சூன் 30 அன்று பேருந்திலே வந்துகொண்டிருந்த அவரைச் சாதிவெறிக் கும்பல் மறித்து வெட்டிக் கொன்றது. உடன் வந்த தோழர்களும் மாண்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களிலே பத்தாண்டுக் காலம் தாழ்த்தப்பட்டவர் எவரும் தலைவர் நாற்காலியில் நிலைக்க முடியவில்லை. மனுச் செய்ய ஆள் இராது. செய்து வென்றவரோ உடனே பதவி விலகியாக வேண்டும். 2006 அக்டோபரிலேதான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது.

“ஊர் ஒற்றுமைக்காக விட்டுக்கொடு” என்றுதானே அங்கெல்லாம் சொல்லப்பட்டது? எவ்வளவு இனிய சொல்! பாரிசு நகரத்து வேட்பாளனிடமும் “விலகு” என்றார்கள். மேலவளவு வேட்பாளனிடமும் “விலகு” என்றார்கள். சொல் ஒன்றே, அறமோ நேர் எதிர். அங்கே விலகியவனுக்கு, நிற்பதற்கும் உரிமை இருந்தது, இருந்தும் விட்டான். இங்கே நிற்கும் உரிமையே மறுக்கப்பட்டது. விட்டுக்கொடுக்க வேண்டுமானால் முதலில் கையிலே இருக்க வேண்டும். பறிக்கப்படுவதற்கு விட்டுக்கொடுத்தல் என்று பெயர் சூட்டுவது, கொள்ளைக்குக் கொடை என்று பெயரிடுவதாகும். ஆகவே மேலவளவிலே நிற்பதுதான் அறம், முருகேசன் நின்றார். அவர் விலகாமல் நின்றதும், 1936இல் பிரெஞ்சு உழைப்பாளி விலகி நின்றதும் ஒரே அறத்தின் இரு முகங்கள் என்பதே நமது முடிவு.

அந்த அறத்தை எப்படி அறிவது? நாம் மூன்று கேள்விகளைக் கேட்போம். விலகுபவன் அஞ்சாமலும், கூலி பெறாமலும், தானே முடிவு செய்தானா? யாருக்காக விலகுகிறான், எதிலே உடன்பாடு, எதிலே இன்னும் வேறுபாடு என்று மக்கள்முன் வெளிப்படையாகச் சொன்னானா? அவன் விலகுவதால் பயன் பெறுவது வலியவனா, எளியவனா? மூன்றாவதே முதன்மையானது. வலியவன் நாற்காலியிலே அமர, எளியவன் வழிவிடுவது பழைய அடிமைத்தனம். அதற்கு ஆயிரமாண்டுப் பயிற்சி நமக்கு உண்டு, புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. எளியோர் பலர் தமக்குள் ஒருவரை முன்னிறுத்த, மற்றவர் மகிழ்ந்து பின்னிற்பதே புதிய பண்பு. அதைத்தான் நாம் பயில வேண்டும்.

இளைஞர்களே! உங்கள் மன்றத்துத் தேர்தலிலும் சங்கத்துத் தேர்தலிலும் நாளை இந்தக் கேள்வி உங்கள்முன் வரும். “உன் தோழனுக்காக விலகு” என்று ஒருவர் வந்து சொல்வார். உடனே தலையாட்டவும் வேண்டா. உடனே சீறவும் வேண்டா. சொல்பவர் யார், ஏன் சொல்கிறார், யாருக்கு ஆதாயம் என்று கேளுங்கள். விடை நேர்மையானதாக இருந்தால், துண்டுத்தாளிலே உங்கள் பெயரை அடித்துவிட்டுத் தோழனின் பெயரை எழுதி, அவனோடு தெருத்தெருவாகச் சென்று வாக்குக் கேளுங்கள். விடையிலே மிரட்டலின் வாடை வீசினால், உங்கள் பெயர் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்!